பேழைக்குள் ஒரு குடம் மீன்

தோப்புமேடு,
8 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு படிக்காமல் கிழித்துவிடுவாய். அதனால் வணக்கம். நீ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதனால் மாமல்லபுரம் போஸ்ட் ஆபீசுக்குப் போய் கவர் வாங்கிக் கடிதம் எழுதுகிறேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "இன்னாமா, வக்கீல் நோட்டீசா?" என்று கேட்டார். அண்ணனுக்குக் கடிதம் என்றேன். நம்பவில்லை.

நீ எவ்வளவு கத்தியும் நான் கேட்கவில்லை. ஞாயிறு பள்ளியைத் திறந்துவிட்டேன். சுனாமியில் போன பழைய கொட்டகையின் தரை மேலேயே அப்போது ஒரு ஹால் கட்டிக் கொடுத்தார்கள் அல்லவா, இத்தனை வருஷமாகச் சபைக்காரர்கள் அதில் பந்தல் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்து, கழுவி, பாய் விரித்தாயிற்று. நம் காலனியில் பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் ஈ.சி.ஆரில் பைக்கில் பறக்கிறார்கள், இல்லாவிட்டால் போனைத் தேய்க்கிறார்கள். இவர்களைச் சபையில் பெரியவர்களாகச் சேர்த்துக்கொள்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு முன்னால் யார் வேதபாடம் சொல்லிக் கொடுப்பது? பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்கக் கத்துகிற தொண்டைதானே, ஞாயிற்றுக்கிழமையும் கத்தட்டும் என்று நானே இறங்கிவிட்டேன்.

பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பிரதீபா என்று ஒரு பெண். நோவாவின் பேழைக்குள் எவையெல்லாம் போயின என்று கேட்டால், மிருகங்கள், பறவைகள், ஊர்வன எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "ஒரு கொடத்துல மீனு" என்கிறாள். மீன் எதற்கடி, அது தண்ணீரில்தானே இருக்கும் என்றால், "அதுக்கும் பயமா இருக்கும்ல டீச்சர்?" என்று என்னையே மடக்குகிறாள். மோகன் என்று ஒருவன், மீசை அரும்புகிற பயல். பன்னிரண்டு சீஷர்களின் பெயரையும் கடகடவென்று ஒப்பிப்பான். யூதாஸ் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "பாவம்" என்பான். கிண்டல் செய்கிறான் என்று முறைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

இன்னொரு கூத்து. பெண் பிள்ளைகள் இந்த ஆனி வெயிலில் கிறிஸ்துமஸ் ஃபிராக்கைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்று அடம். அம்மாக்கள் என்னைத் திட்டுகிறார்கள். வாசல் மேற்கே இருக்க, செருப்பை எல்லாரும் சுற்றிக்கொண்டு போய்க் கிழக்குச் சுவர் ஓரமாக விடுகிறார்கள். கடல் பக்கம், கதவே இல்லாத சுவர்.

எல்லாவற்றையும் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. நீயாவது சிரித்துவிட்டு பிளாக்கை எடு.

உன் தங்கை,
பிரிசில்லா

* * *

சிங்கப்பெருமாள் கோயில்,
19 ஜூலை 2024

பிரிசில்லா,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

குடத்தில் மீன் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யூதாசுக்குப் பாவம் என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீ இல்லை. உனக்கு அப்போது நாலு வயது. அம்மா இடுப்பில் இருந்தாய். அம்மாவும் இல்லை, அவள் ஞாயிறு பள்ளிக்கு உள்ளே வந்ததே கிடையாது. விசாரித்து எழுது.

ஹாலை மூடு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று அன்றைக்கே சொன்னேன்.

கிழக்குச் சுவர் இருக்கிற இடத்தில்தான் பழைய கொட்டகையின் வாசல் இருந்தது. செருப்பை அங்கேதான் விடுவோம்.

கலைவாணன்

* * *

தோப்புமேடு,
29 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னபடி விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

பிரதீபாவிடம் கேட்டேன். "அந்த எடத்துல குந்தினா அதான் டீச்சர் பதிலு" என்றாள். எந்த இடத்தில் என்றேன். பாயில் அவள் உட்காருகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள். மோகனும் அப்படியே சொன்னான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வியாம், அந்த இடத்தில் உட்காருகிறவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்றுதான் சொன்னேன்.

இடம் மாற்றிப் பார்த்தேன், அண்ணா. மோகனைப் பிரதீபாவின் இடத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். குடத்தில் மீன் என்றான். அவள் குரலில் இல்லை, அவனுடைய உடைந்த குரலில்தான். ஆனால் சொல்லிவிட்டு முழங்கையால் பக்கத்தில் இடித்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆமாம், அதைச் சொல்ல மறந்தேன். அந்தப் பக்கத்து இடத்தைப் பிள்ளைகள் காலியாக விட்டு வைக்கிறார்கள். கூட்டம் நெருக்கினாலும் அங்கே ஒருவரும் உட்காருவதில்லை. கேட்டால், "அது அந்த அண்ணன் எடம்" என்கிறார்கள். எந்த அண்ணன் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

நேற்று விசுவாசப்பிரமாணம் பாடம். வரிவரியாக விளக்கிக்கொண்டு வந்தேன். இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்ற இடம் வந்ததும், இதற்கு என்ன அர்த்தம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பி அந்தக் காலி இடத்தைப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது. வெளியே காக்கை கத்துகிறது, யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கிறது, பளிச்சென்ற காலை வெயில். ஆராதனை மணி அடித்தும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். நான் அதட்டி எழுப்பினேன்.

உனக்கு ஏதோ தெரியும். சொல்லு.

பிரிசில்லா

* * *

சிங்கப்பெருமாள் கோயில்,
11 ஆகஸ்ட் 2024

பிரிசில்லாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. இதுவும் கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

எங்கள் காலத்தில் மார்கரெட் டீச்சர்தான் வகுப்பு எடுத்தார்கள். டீச்சர் என்று பெயர்தான், சவுக்குத்தோப்பில் கட்டை அடுக்குகிற வேலை. அவர்கள் வைத்த வழக்கம் அது. பாயில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி. திடப்படுத்தல் முடிந்து பெரியவர்களோடு கோயில் பெஞ்சுக்குப் போகிறவன், தன் பதிலைத் தன் இடத்துக்கு வருகிற சின்னப் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது என்று பெயர். கொடுத்தவன் அதற்கப்புறம் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. "குடுத்தா குடுத்ததுதான், அது இனிமே உன்னுது இல்ல" என்பார்கள் டீச்சர்.

குடத்தில் மீன், சரவணகுமார் சொன்னது. அவனுக்கு வந்த பதிலில் மீன் கிடையாது. அவனாகச் சேர்த்துக்கொண்டான். டீச்சர் அடித்தும் விடவில்லை. சொல்லிவிட்டு என்னை முழங்கையால் இடிப்பான். யூதாசுக்குப் பாவம் சொன்னது ஞானம்பாள். பெருமூச்சும் அவளுடையதுதான். இதெல்லாம் அந்தக் கொட்டகையைத் தாண்டி வெளியே போனதில்லை. இது தெரிந்த ஆளில் நான் ஒருவன்தான் மிச்சம்.

அன்று கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் புதுத்துணியையே இரண்டாம் நாளும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். என் முறை வந்தது. பாதாளத்தில் இறங்கினார் என்பதன் அர்த்தம்தான் என் இடத்துக் கேள்வி. எனக்கு இடம் கொடுத்த பையன் இரண்டு மாதம் முன்னால் காதில் சொல்லியிருந்தான். பலகாரத்தோடு சேர்த்து அதையும் விழுங்கியிருந்தேன். ஞாபகம் வரவில்லை. டீச்சர் கோபத்தில் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "போய்ப் படிச்சிகினு வா. நீ வர்ற வரைக்கும் இங்க ஒருத்தரும் எழுந்துக்க மாட்டோம்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சரவணகுமார், "சீக்கிரம் வாடா, பசிக்குது" என்றான்.

வீட்டுக்குப் போனால் அம்மா திட்டுவாள் என்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி உட்கார்ந்தேன். புத்தகத்தைப் பிரிக்கக்கூட இல்லை. சவுக்குத்தோப்புப் பக்கம் லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தால் நானும் அந்தப் பாயில்தான் இருந்திருப்பேன். தெரியாததால் பிழைத்தேன். அதற்கப்புறம் அதைப் படிக்கவே இல்லை. படிக்க மாட்டேன்.

ஹாலை மூடு.

அண்ணன்

* * *

தோப்புமேடு,
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தும் இதை நீ எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான். அழுகையும் வந்தது.

மூடிப் பார்த்தேன். மூடவில்லை என்று நினைக்காதே. போன மாதக் கடைசியில் ஹாலைப் பூட்டிச் சாவியைச் சபைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, இந்த ஞாயிறு வகுப்பு கிடையாது என்று வீடு வீடாகச் சொன்னேன். காலையில் போய்ப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாரும் கிழக்குச் சுவருக்கு வெளியே மணலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் இடத்தில், நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு. கடலுக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்துப் பனை நீளம்கூட இல்லை. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அலைக்குப் பக்கத்தில் உட்காருவதைவிட உள்ளே பாயில் உட்காருவது மேல் என்று நானே ஓடிப் போய்ச் சாவி வாங்கி வந்து கதவைத் திறந்தேன்.

வாராவாரம் எழுந்திருக்க லேட்டாகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாட்டு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. பிரதீபாவின் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தச் சின்ன உடம்பை இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. "டீச்சர் சொல்லிச்சி, அந்த அண்ணன் வர்ற வரைக்கும் எழுந்துக்க கூடாதுன்னு" என்று அழுகிறாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி சொல்லி வச்சிகீற எம்பொண்ணுகிட்ட?" என்று அடிக்க வந்துவிட்டாள். பிரதீபா தலையை ஆட்டி, "இந்த டீச்சர் இல்லமா" என்றாள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பார்த்துத்தான் சொன்னாள்.

வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தால் ஃபிராக்கின் ஓரமெல்லாம் ஈரமாம். உதட்டைத் துடைத்த துணியில் உப்பாம்.

இவர்கள் உயிரோடு இருக்கிற பிள்ளைகள், அண்ணா. ஒரு நாள் ஒரேயடியாக எழுந்திருக்காமல் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு தடவை வா. வந்து அந்த ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போ. உன் காலில் விழுகிறேன்.

பிரிசில்லா

* * *

சிங்கப்பெருமாள் கோயில்,
22 செப்டம்பர் 2024

பிரிசில்லாவுக்கு,

வர முடியாது.

பயம் என்று நினைக்காதே. பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. இந்த ஊரில் யாருக்கும் என்னைத் தெரியாது. ரூமில் ஐந்து பேர் இருக்கிறோம், ஒருவன் ஷிப்டு முடிந்து வரும்போது இன்னொருவன் போகிறான். நான் வரவில்லை என்றால் தேட ஆள் கிடையாது. அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் வருவதற்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே தெரியும். கம்பெனியில் லைனில் நிற்கும்போது சில சமயம் முழங்கையில் ஒரு இடி விழும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

சரவணகுமாருக்கு ஒரு போட்டோ கிடையாது. ஞானம்பாள் வீட்டில் ஒருவர்கூட மிச்சம் இல்லை. அந்தப் பெருமூச்சு எப்படி இருக்கும் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் பதில் சொல்லிவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளை வேறு ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப் போ. திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப் போ. என்னை விடு.

அண்ணன்

* * *

தோப்புமேடு,
7 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நீ பெரிய சுயநலக்காரன். எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மாட்டேன்.

உனக்குத் துணை வேண்டும் என்று அவர்களை அங்கேயே உட்கார வைத்திருக்கிறாய். பசிக்கிறது என்று சொன்ன பையன் இத்தனை வருஷமாகப் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். அவர்களோடு சேர்த்து என் பிள்ளைகளையும் உட்கார வைத்திருக்கிறாய். திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப் போனேன். வேனில் ஏறினார்கள், பாட்டுப் பாடினார்கள். அங்கே போய் இறங்கியதும் கோயில் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கடல் எந்தப் பக்கம் டீச்சர் என்று கேட்டார்கள்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததால் நேற்று உன் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

அம்மா வேண்டாம் என்றாள். பிள்ளைகளும் வேண்டாம் என்றார்கள். "டீச்சர், அங்க குந்தாத, பதிலு தெரியலன்னா அந்த டீச்சர் வெளிய போ சொல்லும்" என்றான் மோகன். எனக்குத்தான் பதில் தெரியுமே, டயசீஸ் பாடப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். பாய் அந்த இடத்தில் மட்டும் நனைந்த சாக்கு மாதிரி குளிர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கிழக்குச் சுவர் இல்லை. வாசல் இருக்கிறது. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். அதற்கப்பால் சவுக்குத்தோப்பு, அதற்கப்பால் கடல். இப்போது அங்கே தோப்பு கிடையாது என்று உனக்குத் தெரியும்.

முன்னால் நின்று யாரோ கேட்டார்கள். பதிலைச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல் புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். பின்னாலிருந்து பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். "இது அவன் இல்ல டீச்சர்" என்றது ஒரு பையன் குரல், எனக்குப் பக்கத்திலேயே. என் வலது முழங்கையில் இடித்தான். இப்போதும் அந்த இடம் கன்றிப் போயிருக்கிறது.

கடல் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாதான் உள்ளே ஓடி வந்து என்னை இழுத்துத் தள்ளினாள். ஞாயிறு பள்ளிக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறும் உட்காருவேன். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்வரை நானும் உட்காருவேன்.

பிரிசில்லா

* * *

சிங்கப்பெருமாள் கோயில்,
14 அக்டோபர் 2024

பாப்பா,

நேற்று உட்கார்ந்தாயா? உட்காராதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். செங்கல்பட்டில் மாறி வர வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அம்மாவை வெளியே இருக்கச் சொல். எனக்கு டீ வேண்டாம்.

பதில் எனக்குத் தெரியாது. புத்தகத்தை அனுப்பாதே.

அண்ணன்

* * *

தோப்புமேடு,
21 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். அம்மா கேட் வரை ஓடி வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ பார்த்ததை நீ எழுது.

நீ வரும்போது செருப்பைச் சுவர் ஓரம் விட்டாய். யாரும் சொல்லவில்லை, உன் கால் தானாக அங்கே போனது. உள்ளே வந்து உன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். முப்பத்துமூன்று வயது ஆள், முன்மண்டை லேசாக வழுக்கை, கம்பெனிச் சட்டை. ஆனாலும் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. பிரதீபா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நீ யாரையோ அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினாய்.

பாயைக் கையால் தடவிப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தை மாற்றவில்லை. "செத்தவங்க காத்துகினு இருந்தாங்க. அவங்களால மேல வர முடியல. அதனால அவரே கீழ எறங்கி அவங்ககிட்ட போனாரு. லேட்டாதான் போனாரு. ஆனா போனாரு."

புத்தகத்தில் அப்படி இல்லை, அண்ணா. புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

"சரி, எழுந்துக்கோங்க" என்று ஒரு குரல். என் குரல் இல்லை. என் பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. ஆனால் ஹால் முழுக்க எழுந்திருக்கிற சத்தம். புதுத்துணி சரசரப்பு, உட்கார்ந்த துணியில் மணலைத் தட்டுகிற சத்தம், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற சத்தம். எல்லாம் கிழக்குச் சுவர் பக்கமாகப் போய், சுவரோடு நின்றுவிட்டது. ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பின்தங்கி, அதுவும் போனது. அதற்கப்புறம்தான் என் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு, கால் மரத்துப்போச்சு டீச்சர் என்று எழுந்தார்கள். பிரதீபாவிடம் பேழையைப் பற்றிக் கேட்டேன். மீனெல்லாம் இல்லை என்கிறாள். "அது இன்னாத்துக்கு டீச்சர், தண்ணியிலதான நீந்தும்?" என்று என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

நீ வெளியே போகும்போது என் தோளைப் பிடித்து, குனிந்து, என் காதில் அந்தப் பதிலை இன்னொரு தடவை சொன்னாய். ஏன் சொன்னாய்? பெஞ்சுக்குப் போகிறவர்கள்தானே அப்படிச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாய்?

அதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. ஞானம்பாளுக்கு இடது கன்னத்தில் ஒரு அம்மைத் தழும்பு. மார்கரெட் டீச்சர் மேல் சவுக்குப் பிசின் வாசனை அடிக்கும். சரவணகுமாருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், சிரித்தால் நாக்கு தெரியும். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? நீ எழுதிய கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அவற்றில் இல்லை.

உடனே பதில் எழுது.

பிரிசில்லா

* * *

சிங்கப்பெருமாள் கோயில்,
3 நவம்பர் 2024

அன்புள்ள பாப்பா,

தீபாவளி லீவில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து எழுதுகிறேன். இப்போதெல்லாம் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன். ரூமில் இருக்கிறவர்கள், "அண்ணாத்த, முன்னாடியெல்லாம் தூக்கத்துல எழுந்து குந்திகினு இருப்ப, இப்ப கொறட்ட வுடுற" என்று ஓட்டுகிறார்கள்.

உன் நம்பர் என் போனில் பிளாக்கில் இருந்தது. எடுத்துவிட்டேன். நாம் எதற்குச் சண்டை போட்டோம்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீ ஏதாவது வாயாடியிருப்பாய். அம்மாவிடம் கேட்டால் சொல்வாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கதை எழுத ஆரம்பித்துவிட்டாயா? நன்றாகத்தான் இருக்கிறது, என்னையும் அதில் போட்டு வழுக்கைத் தலையன் ஆக்கியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது. உங்கள் ஹாலில் உட்கார்ந்து ஏதோ பாடம் கேட்டேன், அவசரமாகத் திரும்பிவிட்டேன், அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தப்புதான். அந்த மார்கரெட் டீச்சர், ஞானம்பாள் எல்லாம் யார்? புதிதாக வந்த டீச்சர்களா? சுனாமி அன்று நான் தண்ணீர்த் தொட்டி மேட்டில் விளையாடிக்கொண்டிருந்தேன், அதனால் தப்பித்தேன். அவ்வளவுதானே? அதில் கதை எழுத என்ன இருக்கிறது?

நேற்று ரூம் ஆட்களோடு வேடந்தாங்கல் போனேன். சீசன் இப்போதுதான் ஆரம்பம். ஏரித் தண்ணீருக்குள் மரங்கள் நிற்க, கிளையெல்லாம் பறவை. ஒரு நாரை வாயில் மீனோடு வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் திடீரென்று ஒரு கேள்வி. நோவாவின் பேழைக்குள் மீன் இருந்ததா? குடத்தில் தண்ணீர் வைத்து ஏற்றியிருப்பார்களா? நினைத்து நானாகவே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவன் இன்னா மச்சான் என்றான், நாரையைக் காட்டினேன். இது எனக்கு யாரோ சொன்ன மாதிரியே இருக்கிறது. யார் என்றுதான் பிடிபடவில்லை. நாக்கு நுனி வரை வந்து போகிறது. பையன் ஒருத்தன் பெயர் அது. உனக்குத் தெரிந்தால் எழுது.

கிறிஸ்துமசுக்கு வருகிறேன். எல்லாருக்கும் புதுத்துணி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

* * *

தோப்புமேடு,
8 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆமாம், கதைதான் எழுதிப் பார்த்தேன். உன்னை வழுக்கைத் தலையன் ஆக்கியதற்கு மன்னித்துவிடு. இனிமேல் எழுத மாட்டேன்.

அம்மா சுகம். சண்டை எதற்கென்று அவளிடம் கேட்காதே. அவளுக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் படிக்கிறார்கள், மணி அடித்தவுடன் எழுந்து ஓடிவிடுகிறார்கள். பொய் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குப் போன வாரம்தான் பாடம் எடுத்தேன்.

பேழைக்குள் மீன் இருந்தது, அண்ணா. ஒரு குடத்தில். அதற்கும் பயமாக இருந்திருக்கும் அல்லவா? எங்கள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை சொன்னது அது. பெயர் எனக்கும் ஞாபகம் இல்லை. நீயும் ரொம்ப யோசிக்காதே.

கிறிஸ்துமசுக்கு அவசியம் வா. மறுநாள் வியாழக்கிழமைதான், ஆனாலும் காலை வகுப்பு வைத்திருக்கிறேன், வந்து பார். பாயில் உட்கார வேண்டாம், உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பிரிசில்லா